கேட்காமல் எடுத்த குரல்

காபெஸ் நகரத்தில் லாரூஸியின் குரலைக் கேட்காமல் வெளியூர் போனவர்கள் யாருமில்லை. எட்டுப் பேர் நிறைந்தால்தான் கிளம்பும் லுவாஜ் வேன்கள், உடம்பில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, நிலையத்தில் வரிசையாக நிற்கும். எந்த வண்டி எந்த ஊருக்கு, இன்னும் எத்தனை ஆள் வேண்டும் என்று கூவிச் சொல்வதுதான் லாரூஸியின் வேலை. முப்பத்தைந்து வருஷம் கூவினார்.

"ஸ்ஃபாக்ஸ்! ஸ்ஃபாக்ஸ்! ஒரே ஒரு ஆள்! ஏறினா கிளம்ப வேண்டியதுதான்!" என்பது எல்லோரும் கூவுவது. அவர் அதோடு நிற்க மாட்டார். "மெத்னின் போறவங்க வாங்க! மாமியார் வீட்டுக்குப் போறவங்களுக்கு ஜன்னலோரம், திரும்பிப் பாத்துக்கிட்டே போகலாம்!" என்பார். சோர்ந்துபோய் மூட்டையோடு நிற்கும் ஆளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிடும்.

அந்தக் குரலை அவர் சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மென்ஸல் பகுதியில், திராட்சைக் கொடி படர்ந்த முற்றம் உள்ள வீடு. மனைவி தாவுஸ் தேநீரைக் கொதிக்க வைப்பாள். மகள் மஹ்பூபா அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்காருவாள். எட்டு வயதில் தட்டம்மைக் காய்ச்சல் அவள் கண்களைக் கொண்டுபோய்விட்டது. அன்று நிலையத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த டிரைவர் யாரோடு சண்டை போட்டான், கோழிக்கூடையோடு ஏறப்பார்த்த கிழவி என்ன பேசினாள் என்று அத்தனையையும் லாரூஸி ஒவ்வொருவரின் குரலிலும் நடித்துக் காட்டுவார். முப்பத்தாறு வயதிலும் அவள் சிறுமி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு ஊர் என்பது அப்பாவின் தொண்டை வழியாக வருவதுதான்.

அவளைவிட நான்கு வயது சின்னவன் நிஸார். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்தான். அக்கறையான பிள்ளை என்று தெருவே சொல்லும். அது பொய்யுமில்லை.

மாதுளை பழுக்கும் காலத்தில் லாரூஸியின் குரல் கரகரக்கத் தொடங்கியது. தேனும் எலுமிச்சையும் குடித்துப் பார்த்தார். சிகரெட்டை இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். "லாரூஸி மாமா, கழுதையை முழுசா முழுங்கிட்டீங்களா, இல்ல கால் இன்னும் வெளிய இருக்கா?" என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். "உன் வண்டி ஹாரனைத்தாண்டா முழுங்கினேன், அதான் இந்த சத்தம்" என்று அவரும் கரகரத்தார். குளிர்காலம் முடியும்போது, பாதி நாள் கூவியதற்கே தொண்டையில் ரத்தம் கசிந்தது.

நிஸார் அவரை ஸ்ஃபாக்ஸுக்கு அழைத்துப் போனான். ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் நிஸாரை மட்டும் நடைபாதைக்கு வரச் சொன்னார். லாரூஸி உள்ளே நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கதவுக்கு வெளியே நடந்த பேச்சு அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"என்ன வேலை பாக்குறார்?" என்று டாக்டர் கேட்டார். நிஸார் சொன்னான். டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"குரல்வளையை முழுசா எடுக்கணும். கழுத்துல ஒரு துளை வழியா மூச்சு விடுவார். பேச முடியாது. ஆனா பிழைச்சுக்குவார்."

"எடுக்கலைன்னா?"

"அடுத்த வருஷம் இந்நேரம் இருக்க மாட்டார்."

"இதை எப்படி அவர்கிட்ட…"

"அது உங்க குடும்பம் முடிவு பண்ண வேண்டியது. சொன்னதும் வேண்டாம்னு எழுந்து போனவங்களை நான் பாத்திருக்கேன். எங்க அப்பாவா இருந்தா நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் ஊரில் அந்த நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அந்தக் கெட்டது' என்போம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். அன்று சாயங்காலம் நிஸார் சமையலறையில் வைத்து அம்மாவிடம் அப்படித்தான் சொன்னான். தாவுஸ் தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு, "சொல்லாதே. தாங்க மாட்டார். மஹ்பூபாகிட்டயும் சொல்லாதே. அவ குரல்லயே அவர் கண்டுபிடிச்சிடுவார்" என்றாள். இரண்டு பேருக்காக இரண்டு பேர் எடுத்த முடிவு அது. ஒரு பானை தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

லாரூஸியிடம் நிஸார் சொன்னது வேறு. "சின்ன முடிச்சு பாபா. சுரண்டி எடுத்துட்டா இருபது வயசுக் குரல் திரும்பிடும். ஆனா ஆபரேஷன் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குரலைச் சேமிச்சு வைங்க."

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லவே இல்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பொய்யைக் காப்பாற்ற நிஸாரால் முடியவில்லை. அதனால் குரலை அடைத்தான்.

ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. லாரூஸி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். பன்னிரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் மேசையில் விரலால் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. மஹ்பூபாவுக்கு அந்தச் சாயங்காலங்கள் வெறுமையாக இருந்தன.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாபா. அந்தக் கோழிக் கிழவி மறுபடி வந்தாளா?"

இரண்டு தட்டு.

"வரலையா, சொல்ல மாட்டீங்களா?"

ஒரு தட்டு. அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "சரி, சேத்து வைங்க. வந்ததும் மொத்தமா வாங்கிக்கிறேன்."

அவர் சேர்த்துத்தான் வைத்தார். கிளம்பும்போது மகளின் தலையில் கைவைத்தார், வாயைத் திறக்கவில்லை. மருத்துவமனையில் நிஸார் ஒரு தாளை நீட்டி, "மயக்க ஊசிக்கு பாபா" என்றான். மூன்றாம் வகுப்போடு நின்ற கோணல் எழுத்தில் லாரூஸி கையெழுத்துப் போட்டார். அவருக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பது அந்தத் தாளில் தெளிவாக அச்சாகியிருந்தது. பிரெஞ்சில்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, மூக்கில் குழாய். இருமினால் காற்று வாயில் வரவில்லை. கழுத்தில் எங்கோ சீறியது. "வீக்கம் பாபா. குறைஞ்சதும் பேசலாம்" என்றான் நிஸார். தாவுஸ் அவர் காலைப் பிடித்துவிட்டாள். செவிலிகளும் அதையே சொன்னார்கள். ஐந்து நாள் அவர் நம்பினார்.

ஆறாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஷெத்லி வந்தார். கெர்க்கெனா தீவுக்காரர், மீனவர், எழுபது வயது. வேறு ஏதோ சோதனைக்காகப் படுத்திருந்தார். அவர் கழுத்திலும் சிறு துணி தொங்கியது. காற்றை விழுங்கி விழுங்கி, ஏப்பம் மாதிரி வரும் சத்தத்தில் பேசினார்.

"உனக்கும்… மொத்தமா… எடுத்துட்டாங்களா?"

லாரூஸி தலையை ஆட்டினார். இல்லை. விரல் நுனியைக் காட்டினார்: இத்தனூண்டு முடிச்சு. நகத்தால் சுரண்டுவது போலச் செய்தார்.

ஷெத்லி அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் துணியை விலக்கித் துளையைக் காட்டினார்.

"முடிச்சுக்கு… யாரும் இங்க… ஓட்டை போட மாட்டாங்க… தம்பி. அது திரும்ப வராது. உன்கிட்ட… யாருமே சொல்லலையா?"

லாரூஸியின் கை தன் கழுத்துக் கட்டுக்குப் போனது. ஷெத்லிக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தம் கதையைச் சொன்னார். "நான் கேட்டேன்… சொன்னாங்க. பத்து நாள் கிடைச்சிது. படகுல கூட்டாளி ஒருத்தன்… அவனோட போட வேண்டிய சண்டையெல்லாம்… போட்டு முடிச்சேன். பொண்டாட்டியை… பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நாப்பது வருஷத்துல… முதல் தடவை. பயந்துட்டா." சிரித்தார். சிரிப்பும் கழுத்து வழியாகத்தான் வந்தது.

லாரூஸி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பன்னிரண்டு நாள். ஷெத்லிக்குக் கிடைத்ததைவிட இரண்டு நாள் அதிகம். அந்தப் பன்னிரண்டு நாளும் அவரிடம் குரல் இருந்தது. கரகரப்புதான், ஆனாலும் குரல். அதை அவர் ஒரு கஞ்சனைப் போலப் பூட்டி வைத்திருந்தார், வெளியே தூக்கிப் போடப் போகிறார்கள் என்று தெரியாமல்.

சாயங்காலம் நிஸார் வந்ததும் எழுதுவதற்குக் கையை நீட்டினார். நிஸார் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தான்.

'உனக்குத் தெரியுமா' என்று எழுதினார்.

நிஸார் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். ஷெத்லி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க உயிரோட இருக்கணும் பாபா. வேற எதுவும் எங்களுக்குத் தோணலை."

லாரூஸி நீண்ட நேரம் எழுதினார். 'கேட்டிருந்தா சரி சொல்லியிருப்பேன்.'

நிஸார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். "குரல் போனா நான் செத்த மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? என் காதால கேட்டேன்."

'சீட்டு ஆடும்போது விளையாட்டுக்குச் சொன்னது' என்று எழுதினார் லாரூஸி. அந்த எழுத்தைத் தாள் கிழியும்படி அழுத்தியிருந்தார்.

பிறகு பென்சிலை நிஸாரின் மார்பில் விட்டெறிந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் கிட்டத்தட்ட மூன்று வாரமாக எல்லாப் பொய்யையும் சுமந்த பிள்ளைக்கு அது தாங்கவில்லை. குனிந்து பென்சிலை எடுத்தான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

"அக்காகிட்ட நீங்க கேட்டா செஞ்சீங்க? அந்தக் கடிதத்தை உங்களுக்குப் படிச்சுக் காட்டினது நான்தான் பாபா. எனக்குப் பதினேழு வயசு. அவ நல்லதுக்குத்தாண்டா, வாயைத் திறக்காதேன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் திறக்கலை. உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

லாரூஸி அதை மறந்திருந்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மேலே மண்ணைப் போட்டு, அந்த மண்ணின் மேல் நடந்து பழகியிருந்தார்.

மஹ்பூபா சூஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் படித்தவள். இருபது வயதில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் பயிற்சியை முடித்து, ஓர் அரசு அலுவலக வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் அந்தக் கடிதம் வந்தது. தேர்வாகியிருக்கிறாள், இருபது நாளைக்குள் வந்து சேர வேண்டும். நிஸார் அதை லுவாஜ் நிலையத்துக்கு எடுத்து வந்து, வேனுக்குப் பின்னால் நின்று படித்துக் காட்டினான். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, கண் தெரியாத பெண், தனி அறை, பஸ், தெரு, ஆண்கள். லாரூஸி அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கடிதத்தை நாலாகக் கிழித்து, தேநீர்க்கடை அடுப்பில் போட்டார். இருபது நாளும் வீட்டில் வழக்கத்தைவிட அதிகமாகக் கதை சொல்லி மகளைச் சிரிக்க வைத்தார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முற்றம் நிறைய ஆட்கள். தாவுஸ் ஒவ்வொருவரிடமும், "வீக்கம் இருக்கு, குறைஞ்சதும் பேசுவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மஹ்பூபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் முகத்தைத் தடவினாள். நெற்றி, கன்னம், தாடை. விரல்கள் கீழே இறங்கின.

"தொடாதடி!" என்று தாவுஸ் கத்தினாள்.

விரலில் வெதுவெதுப்பான காற்று பட்டது. அவள் கையை எடுக்கவில்லை. அந்தக் காற்று வந்து போவதைக் கொஞ்ச நேரம் உணர்ந்துகொண்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"வீக்கம்தாண்டி, குறைஞ்சிடும்" என்றாள் தாவுஸ்.

"எனக்கு எட்டு வயசுலயும் இப்படித்தான் சொன்னீங்க. கண்ணுக்கு மருந்து போட்டிருக்கு, கட்டைப் பிரிச்சதும் தெரியும்னு. ஒரு வருஷம் முழுக்கச் சொன்னீங்க. நானும் விடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்." உள்ளங்கையை விரித்து அப்பாவின் முன்னால் நீட்டினாள். "எழுதுங்க பாபா. ரெண்டாம் வகுப்பு வரைக்கும் கண்ணால படிச்சவதானே நான். எழுத்து மறக்கலை."

மூன்றாம் வகுப்பு படித்த அப்பா, இரண்டாம் வகுப்பு படித்த மகளின் கையில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். 'குரல் இனி இல்லை.' அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. தாவுஸ் அப்போதுதான் முதல் தடவையாக உரக்க அழுதாள்.

அதன்பிறகு அந்த உள்ளங்கைதான் அவருக்கு வாய். காற்றை விழுங்கிப் பேசும் வித்தையை அவரும் மாதக்கணக்கில் முயன்றார். கதிர்வீச்சு சிகிச்சையில் கழுத்துச் சதை கெட்டிப்பட்டுப் போனதால் வரவில்லை. பேட்டரியில் ஓடும் கருவியை நிஸார் வாங்கி வந்தான். கழுத்தில் வைத்தால் புட்டிக்குள் அடைத்த ஈ மாதிரி ரீங்கரித்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. லுவாஜ் நிலையத்துக்கு ஒரே ஒரு நாள் போனார். டிரைவர்கள் எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள். செவிடனிடம் பேசுவது போல, "நல்லா இருக்கீங்களா மாமா!" என்று காதருகில் கத்தினார்கள். அவர் மறுபடி அங்கே போகவில்லை.

பழைய மாதிரி நடித்துக் காட்ட முடியாது. ஆனால் அவள் கையில் ஒரு சொல், இரண்டு சொல் எழுதுவார். 'மழை.' 'பக்கத்து வீட்டில் சண்டை.' 'உன் அம்மா முறைக்கிறாள்.' அவள் சிரிப்பாள். சிரிக்கச் சிரிக்க அவருக்கு உள்ளே அறுக்கும். தன்னிடம் கேட்காமல் தன்னை வெட்டினார்கள் என்று இரவும் பகலும் புழுங்கும் மனிதனுக்கு, தான் வெட்டியதும் எதிரிலேயே உட்கார்ந்து சிரித்தால் எப்படி இருக்கும்?

கோடையில் ஒரு மதியம், தாவுஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியின் நிழலில் மஹ்பூபா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லாரூஸி அவள் கையை எடுத்துத் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பல தடவை அழித்து அழித்து எழுதினார்.

'சூஸிலிருந்து வேலை வந்தது. உனக்கு. நான் மறைத்தேன்.'

"எப்போ?"

'உனக்கு இருபத்தொன்று.'

"டெலிபோன் வேலையா?"

அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மஹ்பூபா மற்றக் கையால் ஒரு கீரைத் தண்டைத் துண்டு துண்டாக ஒடித்தாள். "நான் தேறலைன்னு நினைச்சேன்" என்றாள் பிறகு. "பதினஞ்சு வருஷமா. கூடப் படிச்சவ ஒவ்வொருத்தியும் வேலைக்குப் போனப்போ, எனக்குத்தான் மூளை இல்லைன்னு நினைச்சேன். ஏன் பாபா?"

'பயம்.'

"யாருக்கு?"

கை விரிந்தபடியே இருந்தது. அவர் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்ன எழுதுவது? அவளுக்குப் பயம் இருக்கவில்லை, அவள் போயிருப்பாள். கை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"உங்களை ஏமாத்திட்டாங்கன்னு எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?" என்றாள். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவியபடி உள்ளே போனாள்.

அதன்பிறகு அவள் கையை நீட்டவில்லை. கோபமாகப் பேசவும் இல்லை. சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள், கழுத்துத் துணியைத் துவைத்துப் போட்டாள். அவர் தட்டினால், "என்ன வேணும், தண்ணியா?" என்று கேட்பாள். அதற்கு மேல் அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை.

ஐந்தாவது வாரம், சூஸில் இருக்கும் பழைய பள்ளித் தோழியோடு பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னாள். நிஸார் கஸ்கஸ் தட்டைத் தள்ளிவைத்தான்.

"உனக்கென்ன பைத்தியமா அக்கா? முப்பத்தாறு வயசுல, தனியா? பாபா, நீங்க சொல்லுங்க. போகக் கூடாதுன்னு தட்டுங்க."

லாரூஸி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட நான் அனுமதி கேக்கலை நிஸார்" என்றாள் மஹ்பூபா. "சொல்லிட்டுப் போறேன். இந்த வீட்டுல சொல்லிட்டுச் செய்யுற முதல் ஆள் நான்தான்."

போனாள். ஆனால் பதினைந்து வருஷம் யாருக்காகவும் நின்றிருக்கவில்லை. அரசு வேலைக்கு வயது கடந்துவிட்டது என்று முதல் அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். இவள் பழகிய டெலிபோன் பெட்டிகளே எங்கும் இல்லை. ஏழு மாதம் அலைந்த பிறகு, ஒரு பல் டாக்டரின் அறையில் டெலிபோன் எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அரை நாள் வேலை. தோழியின் வீட்டில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பேசுவாள். "பாபா எப்படி இருக்கார்?" என்று கேட்பாள், அம்மா சொல்வதைக் கேட்டுக்கொள்வாள்.

மூன்று வருஷம் கழித்து லாரூஸியின் கழுத்தில் ஒரு புதுக் கட்டி தெரிந்தது. அதே மருத்துவமனை, அதே டாக்டர். படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் நிஸாரைக் கண்ணால் அழைத்தார். நிஸார் எழுந்தான். லாரூஸியும் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க மாமா, தம்பிகிட்ட மருந்து சீட்டு கொடுக்கணும்" என்றார் டாக்டர்.

லாரூஸி இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, அவர் தலைக்கு மேலாக நிஸாரிடம் பிரெஞ்சில் பேசினார். லாரூஸிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு எத்தனை இடம், எத்தனை மணி நேரம் என்று அந்த மொழியில் சொன்னவர். எண்ணும், மாதமும், 'அதிகபட்சம்' என்ற சொல்லும் அவருக்குத் தெரியும். டாக்டரின் முகத்துக்கு நேரே ஆறு விரலைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினார்: 'மஹ்பூபாவிடம் சொல். இன்றே.'

நிஸார் தலையாட்டினான். கைபேசியில் எண்ணைப் போட்டான். லாரூஸி பக்கத்திலேயே நின்றார்.

"அக்கா, எப்படி இருக்கே? … ஆமா, போய்ட்டு வந்தோம். பாபா நல்லா இருக்கார். எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ கவலைப்படாதே."

லாரூஸி கத்தினார். உடம்பு முழுவதும் கத்தியது. கழுத்துத் துளையில் காற்று சீறியதைத் தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. நிஸாரின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, அதன் மேல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு.

"பாபா? நீங்களா?"

ஒரு தட்டு.

"நிஸார் சொன்னது நிஜமா?"

இரண்டு தட்டு.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. "திரும்ப வந்துடுச்சா?"

ஒரு தட்டு.

"எத்தனை மாசம்?"

அவர் நிறுத்தி நிறுத்தித் தட்டினார். அவள் எண்ணினாள். ஆறில் நின்றதும், இன்னும் வருமா என்று காத்திருந்தாள்.

"சரி. தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். "வர்றதா வேண்டாமான்னு நான் யோசிக்கணும்." இணைப்பைத் துண்டித்தாள்.

நிஸார் அழுதுகொண்டிருந்தான். "அவ அங்க தனியா உக்காந்து அழுவா பாபா. அதுக்காகத்தான்…"

லாரூஸி நோட்டை இழுத்து எழுதினார்: 'அழட்டும்.'

அவள் நான்காம் மாதம் வந்தாள். இரண்டே நாள். அதற்கு மேல் பல் டாக்டர் விடுப்புத் தரவில்லை என்றாள். நிஜமாகவே தரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, தானாகவே கையை நீட்டினாள். அவர் விரல் மெலிந்து நடுங்கியது. ஏதோ எழுதினார். தாவுஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியலை பாபா, திரும்ப எழுதுங்க" என்றாள் மஹ்பூபா.

அவர் திரும்ப எழுதினார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. மூன்றாம் தடவை பாதியில் விரல் நின்றுவிட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை" என்றாள். மன்னித்துவிட்டேன் என்ற பொருளில் சொன்னாளா, புரியாவிட்டால் பரவாயில்லை என்று சொன்னாளா, அது அவளுக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து லாரூஸி இறந்தார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், முற்றத்தில் பெண்கள் நிறைய இருந்தார்கள். தாவுஸின் ஒன்றுவிட்ட தங்கை மஹ்பூபாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள்.

"உன் தம்பி மாதிரி ஒரு பிள்ளை எந்த வீட்டுல இருக்கான், சொல்லு. அந்தக் கெட்டது வந்தும், உங்க அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாம, ஒரு கவலை அண்ட விடாம, குழந்தை மாதிரி வச்சுப் பாத்துக்கிட்டானே."

"ஆமா சித்தி" என்றாள் மஹ்பூபா. "எங்க அப்பாவும் என்னை அப்படித்தான் பாத்துக்கிட்டார்."

சித்தி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண்களிடம், அப்பா மேல் எவ்வளவு பாசம் பார் என்று சொன்னாள். மறுநாள் காலை முதல் வண்டியில் மஹ்பூபா சூஸுக்குத் திரும்பினாள்.